ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே செட் டயர் போதுமா?

டிராக் டே, அதாவது சொந்த பைக்கை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள், போகப் பழகிய எவரும் முதல் செட் டயர் தேய்ந்ததும் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். வாரம் முழுக்க ரோட்டில் ஓடுகிற பைக், அவ்வப்போது டிராக்கில் இறங்குவதும் அதே பைக். இரண்டுக்கும் ஒரே டயர் போடலாமா, போடலாம் என்றால் எதை? நண்பர்களைக் கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் "சூப்பர்கோர்சா போடு, சும்மா ஒட்டிக்கிட்டுப் போகும்" என்பார்கள், பைரெல்லியின் டிராக் டயர் அது. மீதிப் பேர் "ரோட்டு டயரே போதும், மிச்சப் பணத்தை அடுத்த டிராக் டேக்குக் கட்டு" என்பார்கள். நான் இரண்டாவது கட்சி, ஆனால் பணத்துக்காக மட்டும் இல்லை.

டயர் வாங்கப் போகிறவர்கள் எது நன்றாகப் பிடிக்கும் என்று கேட்கிறார்கள். எந்தச் சூட்டில் பிடிக்கும் என்று கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ரப்பர் குளிரில் விறைத்துக் கிடக்கும். சூடேற ஏற இளகி, தார்ப் பரப்பின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இன்னும் சூடேறினால் அளவுக்கு மீறி இளகி வழுக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் (ரப்பர் கலவைக்கும்) இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவேதான் வேலை செய்கிற இடம். ரோட்டு டயரில் சிலிக்கா அதிகம் சேர்ப்பார்கள், அதனால் குளிரிலும் ஈரத்திலும்கூட அது சீக்கிரம் வேலைக்கு வந்துவிடும். ரேஸ் டயரில் கார்பன் பிளாக்தான் பெரும்பங்கு. நல்ல சூட்டிலும் அசராது, ஆனால் அந்தச் சூடு வரும்வரை நம்ப முடியாது. டிராக்கில் வார்மரை, அதாவது டயரைச் சூடாக்கும் மின்சார உறையை, சுற்றி 80 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றிய பிறகுதான் பைக்கை வெளியே எடுக்கிறார்களே, அது பந்தாவுக்கு இல்லை. அந்த ரப்பருக்கு அது தேவை.

இப்போது ரோட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறோம், சிக்னலில் நிற்கிறோம், நேர் ரோட்டில் ஒரே சீராகப் போகிறோம், எப்போதாவது ஒரு நல்ல வளைவு வருகிறது. டயரைச் சூடாக்குவது வேகம் மட்டும் இல்லை. அழுத்திப் பிடிக்கிற பிரேக், வளைவிலிருந்து வெளியேறும்போது திறக்கிற த்ராட்டில், அதில் டயரின் உடல் நசுங்கி நிமிர்வது, இவைதான் சூடாக்குகின்றன. ரோட்டில் இது எதையும் டிராக் அளவுக்குச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆக, ரேஸ் காம்பவுண்டைப் போட்டுக்கொண்டு ரோட்டில் போகிறவர் பெரும்பாலான நேரம் தன் டயரின் வேலை எல்லைக்குக் கீழேயே ஓட்டுகிறார். அந்த நிலையில் ஒரு சாதாரண ஸ்போர்ட் டூரிங் டயர் அதைவிட நன்றாகப் பிடிக்கும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம், ஓரங்களில் பட்டன் (டயரில் வெட்டிய பள்ளங்கள்) என்று ஒன்றும் இருக்காது, தண்ணீர் வெளியேற வழியில்லை, ரப்பரும் குளிர்ந்துவிடும்.

கடையில் கிடைக்கிற டயர்களை ஏணிப்படிகளாக நினைத்துக்கொண்டால் தேர்வு சுலபம். கீழ்ப்படியில் ஸ்போர்ட் டூரிங்: மிஷெலின் ரோடு 6, பைரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, மெட்ஸெலர் ரோட்டெக் 01 மாதிரியானவை. நீண்ட ஆயுள், மழையில் நம்பிக்கை. டிராக்கில் மெதுவாகக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு இதுவே போதும், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த படி ஹைப்பர்ஸ்போர்ட்: மிஷெலின் பவர் 6, பைரெல்லி டியாப்லோ ரோஸ்ஸோ 4, பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லக்ஸ் எஸ்23, மெட்ஸெலர் எம்9 ஆர்ஆர், கான்டினென்டல் ஸ்போர்ட்அட்டாக் 4. அதற்கு மேலே ரோட்டில் ஓட்டலாம் ஆனால் மனசு டிராக்கில் இருக்கிற டயர்கள்: பவர் ஜிபி2, ரோஸ்ஸோ 4 கோர்சா, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்எஸ்11. அப்புறம் சூப்பர்கோர்சா, பவர் கப் 2, ரேஸ்டெக் ஆர்ஆர். பக்கச் சுவரில் ரோட்டு அனுமதி முத்திரை இருந்தாலும் இவை டிராக்குக்காகப் பிறந்தவை. கடைசிப் படி ஸ்லிக், பட்டனே இல்லாத முழு ரேஸ் டயர்.

சூப்பர்கோர்சா என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அதிலேயே எஸ்பி என்றும் எஸ்சி என்றும் இரண்டு உண்டு. எஸ்பி ரோட்டையும் மனதில் வைத்துச் செய்தது. எஸ்சி முழுக்க டிராக்குக்கானது, வார்மர் எதிர்பார்க்கும், எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாகும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஆன்லைனில் மலிவாக இருக்கிறதே என்று எஸ்சி வாங்கி ரோட்டில் போட்டுவிடாதீர்கள், வாங்கும் முன் பெயரை முழுசாகப் படியுங்கள்.

என் கணக்கு இதுதான்: ரோட்டிலும் ஓட்டி, அவ்வப்போது டிராக்கும் போகிற பத்தில் எட்டுப் பேருக்கு இரண்டாவது படி ஹைப்பர்ஸ்போர்ட் டயர் சரி. இன்றைய டயர்கள் தரும் பிடியை நடுத்தர வேகக் குழுவில் ஓட்டுகிறவர்கள் முழுசாகப் பயன்படுத்தி முடிக்கவே இல்லை. வார்மர் வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம், முதல் இரண்டு சுற்று நிதானமாகப் போனால் தயார். எல்லையைத் தொடும்போதும் அது திடீரென்று கைவிடாது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இதோ இங்கேதான் என்று சொல்லிவிட்டு நகரும், கற்றுக்கொள்கிற காலத்தில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. நான் 600 சிசி பைக்கில் ஓட்டுவது எஸ்23தான், அதை மாற்ற இன்னும் காரணம் வரவில்லை.

300, 400 சிசி பைக் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். எடை குறைவு, சக்தி குறைவு, ஆகவே டயரைச் சூடாக்குவதே கஷ்டம். கம்பெனியிலிருந்து வந்த டயரை மாற்றி 110/70, 150/60 அளவில் ஒரு நல்ல ரேடியல் ஹைப்பர்ஸ்போர்ட் செட் போட்டாலே பைக் வேறு பைக் ஆகிவிடும். அதற்கு மேல் போகத் தேவையில்லை.

பக்கச் சுவர் எழுத்துகளை ஒருமுறை படித்துப் பழகிக்கொள்ளுங்கள், பிறகு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. 180/55 இசட்ஆர் 17 (73டபிள்யூ) என்று இருந்தால் அகலம் 180 மி.மீ., சுவரின் உயரம் அகலத்தில் 55 சதவீதம், ரேடியல் கட்டமைப்பு, 17 அங்குல ரிம். 73 என்பது சுமைக் குறியீடு, 365 கிலோ. டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ., அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் அதற்கும் மேலே. டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் நான்கு இலக்கம்தான் டயரின் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். கடைக்காரரிடம் இதைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 5.5 அங்குல ரிம்மில் 190 போட்டால் பின்னாலிருந்து பார்க்கப் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ரிம் இரண்டு பக்கமும் டயரைக் கிள்ளிப் பிடிக்க, அதன் வட்ட வடிவம் மாறிவிடும், சாய்ப்பதற்குப் பைக் அடம்பிடிக்கும். அந்த ரிம்முக்கு 180தான் ஜோடி, 190/55-க்கு 6 அங்குல ரிம். உயரத்தை மாற்றுவது வேறு கதை, அதில் நிஜமாகவே பலன் உண்டு. 180/55-இன் சுவர் 99 மி.மீ., 180/60 என்றால் 108. பின்பக்கம் 9 மி.மீ. உயர்கிறது, முன்பக்கம் கூர்மையாகத் திரும்புகிறது, சாய்ந்திருக்கும்போது தரையில் படும் பரப்பும் கூடுகிறது. டிராக்கில் பலர் இதைத்தான் போடுகிறார்கள். ஆனால் ஸ்விங்ஆர்முக்கும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கைக்கும்) மட்கார்டுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சக்கரத்தின் சுற்றளவு மாறுவதால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு ஏற்பாடு) உள்ள பைக்குகளில் அதையும் கவனிக்க வேண்டும்.

சரி, இனி காற்றழுத்தம். எந்த டயர் வாங்குவது என்பதில் மக்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், வாங்கிய பிறகு அதில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எனக்கு இதைப் பார்த்தால் தாங்காது. டயர்களில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட 6 பிஎஸ்ஐ வித்தியாசம் டிராக்கில் பெரிதாகத் தெரியும்.

பெரிய ஸ்போர்ட் பைக்குகளின் கையேட்டில் முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்று பார்த்திருப்பீர்கள். பின்னால் ஆள், சுமை, நெடுஞ்சாலையில் தொடர்ந்த வேகம் எல்லாவற்றையும் தாங்கச் சொன்ன எண் அது. ரோட்டில் அதையே வையுங்கள். டிராக்கில் அதே எண்ணோடு இறங்கினால் என்ன ஆகும்? காற்று சூடானால் விரியும். 25 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்துவிட்டு உள்ளே இருக்கும் காற்று 75 டிகிரிக்குப் போனால், இயற்பியல் கணக்குப்படி அழுத்தம் 37-ஐத் தாண்டும். 42-இல் ஆரம்பித்தவர் எங்கே போய் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். டயர் உப்பி நிற்கும், தரையில் படுகிற பகுதி சுருங்கும், உள்ளே இருக்கும் கார்கஸ், அதாவது ரப்பருக்கு அடியில் உள்ள நூலும் எஃகுக் கம்பியும் சேர்ந்த கூடு, வளையவே வளையாது. மேல்தோல் மட்டும் உரசி உரசிச் சூடாகும்.

அதனால் ரோட்டு டயரோடு டிராக் போகிறவர்கள் குளிர்ந்த நிலையில் 30 பிஎஸ்ஐ பக்கத்தில் ஆரம்பிப்பது வழக்கம். துல்லியமான எண் டயருக்கு டயர் மாறும், தயாரிப்பாளர்கள் டிராக் பயன்பாட்டுக்கென்று தனியாகச் சொல்லியிருப்பார்கள், அதைத் தேடி எடுங்கள். அது குளிர்ந்த நிலைக்கான எண்ணா, சூடான நிலைக்கானதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாம் தலைகீழ். உங்களுக்கென்று ஒரு நல்ல கேஜ் வைத்துக்கொள்ளுங்கள், பிட்டில், அதாவது டிராக் ஓரம் பைக் நிறுத்தும் இடத்தில், ஆளுக்கொரு கேஜ் கடன் வாங்கினால் ஆளுக்கொரு எண் வரும். செஷன் (டிராக்கில் ஒரு முறை இறங்கி ஓட்டும் நேரம்) முடிந்து ஸ்டாண்டில் நிறுத்தியதும் ஹெல்மெட் கழற்றும் முன்பே அளந்துவிடுங்கள். வெயிலில் நின்ற டயரும் நிழலில் நின்ற டயரும்கூட வேறு எண் காட்டும். மாலையில் திரும்ப ரோட்டில் கிளம்பும்போது காற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பவும், இதை மறக்கவே கூடாது.

அழுத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உலகின் முதன்மை பைக் பந்தயமான மோட்டோஜிபியில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2024 முதல் அங்கே முன் டயருக்குக் குறைந்தபட்சம் 1.8 பார், ஏறக்குறைய 26 பிஎஸ்ஐ, என்ற விதி. பிரதானப் பந்தயத்தில் குறைந்தது 60 சதவீதச் சுற்றுகளில் அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 16 விநாடி தண்டனை. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராமில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ் தன் தம்பி அலெக்ஸை வேண்டுமென்றே முன்னே விட்டார். தனியாக முன்னால் போனால் நல்ல காற்று பட்டு முன் டயர் குளிர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. இன்னொரு பைக்கின் பின்னால் ஒட்டிப் போனால் அதன் சூட்டில் ஏறுகிறது. பல சுற்றுகள் தம்பியின் பின்னாலேயே போய் அழுத்தத்தைச் சரிக்கட்டிவிட்டுக் கடைசிச் சுற்றுகளில் முந்திப் பந்தயத்தையும் ஜெயித்தார். உலகின் வேகமான ஆள் ஒரு பந்தயத்தையே காற்றழுத்தத்தை வைத்து ஓட்டியிருக்கிறார், நாம் கேஜ் எடுக்கச் சோம்பல் படலாமா?

செஷன் முடிந்து வந்ததும் டயரைக் குனிந்து பாருங்கள். முதலில் பின் டயரின் ஓரம். மேற்பரப்பு ஒரே சீராக, மெல்லிய உப்புத்தாளைத் தடவுவது போல இருந்தால் எல்லாம் நன்றாகப் போகிறது. ஓரத்தில் சின்னச் சின்ன ரப்பர் உருண்டைகள் ஒட்டியிருப்பதும் சகஜம். ரப்பர் பிய்ந்து, விரல் நகம் மாட்டிக்கொள்கிற மாதிரி ஆழமாகக் கிழிந்திருந்தால் பெரும்பாலும் குளிர் கிழிசல்: உள்கூடு சூடாகும் முன்பே மேல்தோல் மட்டும் உரசிப் பிய்கிறது, அழுத்தம் அதிகமாக இருந்தால் இப்படி ஆகும். பளபளவென்று நீலம் கலந்த நிறத்தில், எண்ணெய் பூசியது போலத் தெரிந்தால் டயர் அதன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. அப்போது கடைசிச் சில சுற்றுகளில் பைக் வளைவை விட்டு வெளியேறும்போது மெல்ல நெளிந்ததும் உங்களுக்கு ஞாபகம் வரும். ஒரே ஓர விளிம்பு மட்டும் தூக்கிக்கொண்டு தேய்ந்திருந்தால் டயரைக் குறை சொல்லும் முன் சஸ்பென்ஷன் தெரிந்தவரிடம் காட்டுங்கள், ரீபவுண்ட், அதாவது சஸ்பென்ஷன் நசுங்கித் திரும்ப நிமிரும் வேகம், சரியில்லாவிட்டாலும் டயரில்தான் தெரியும்.

அந்த நீலப் பளபளப்பும் நெளிவும் ஒவ்வொரு செஷனிலும், சரியான அழுத்தம் வைத்த பிறகும் வருகிறதென்றால், அதுதான் மேல் படிக்குப் போகும் நேரம். நண்பர் சொன்னார் என்பதும், பக்கத்து பிட்டில் இருப்பவர் போட்டிருக்கிறார் என்பதும் காரணமே இல்லை.

சிக்கன் ஸ்ட்ரிப்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டயரின் ஓரத்தில் தேயாமல் மிஞ்சுகிற பட்டையைப் பார்த்து ஒருவர் எப்படி ஓட்டுவார் என்று தீர்ப்புச் சொல்கிற பழக்கம் இருக்கிறது. டயரின் வட்ட வடிவம் மாடலுக்கு மாடல் வேறு. ஒரே ஆள், ஒரே பைக், ஒரே சாய்வு, ஒரு டயரில் பட்டை இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அந்தப் பட்டையை அழிப்பதற்காக ரோட்டில் சாய்த்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். ரோட்டில் அந்த ஓரம் நமக்கு மிச்சம் வைத்த பாதுகாப்பு. மணல், டீசல், குறுக்கே வருகிற நாய் என்று எதற்காவது தேவைப்படும். அதை மிச்சமாகவே வைத்திருங்கள்.

ரோட்டில் அதிகம் ஓட்டுகிறவருக்கு வேறொரு தேய்மானம்: நடுப்பகுதி தட்டையாவது. உள்ளங்கையை டயரின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நல்ல டயரில் கை வழுக்கிக்கொண்டே இறங்கும், தட்டையான டயரில் ஓர் இடத்தில் விளிம்பு தட்டுப்படும். அந்த விளிம்பில்தான் பைக் சாயத் தயங்கி, பிறகு சட்டென்று விழுவது போலத் திரும்பும். நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைத்து டயர் செய்வது இதைத் தள்ளிப்போடத்தான். மேல் படி டயர்களை நெடுஞ்சாலையில் ஓட்டினால் ஓரம் புதுசாக இருக்கும்போதே நடு முடிந்துவிடும், பணம் முழுக்க அங்கேயே தேய்கிறது.

ரேஸ் ஓட்டுகிறவர்கள் கழற்றிப் போட்ட டயர்கள் மலிவாகக் கிடைக்கும். பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஆசை வரும். ரப்பர் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் இறுகிப்போகிறது, ஆழம் குறையாவிட்டாலும் பிடி குறைந்துவிடும். டிராக்கில் மட்டும், வார்மரோடு, எத்தனை முறை சூடானது என்று தெரிந்து வாங்கினால் பரவாயில்லை. ரோட்டுக்கு வேண்டவே வேண்டாம். அதேபோல பஞ்சர் ஒட்டிய டயரோடு டிராக்கில் இறங்காதீர்கள்.

முன்னும் பின்னும் ஒரே மாடல் போடுங்கள். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் இன்னொரு கம்பெனி என்றால் இரண்டின் வளைவும் வேறு, சூடாகும் வேகமும் வேறு, பைக் என்ன சொல்கிறது என்றே புரியாது. புது டயர் போட்ட பிறகு முதல் 100, 150 கி.மீ. நிதானமாக, மெல்ல மெல்லச் சாய்வைக் கூட்டுங்கள். வழவழப்பான மேல்தோல் தானாகப் போய்விடும், உப்புத்தாளோ பெட்ரோலோ அதன் மேல் போடத் தேவையில்லை.

டிராக் பித்து முற்றி, ஹைப்பர்ஸ்போர்ட் டயர் நிஜமாகவே போதாத நிலை வந்தவர்களுக்கு என் சிபாரிசு எல்லாவற்றுக்கும் ஒரு டயர் தேடுவதை விட்டுவிட்டு இரண்டாவது செட் சக்கரம் வாங்குவது. பழைய சக்கரம் ஒரு ஜோடி, அதே ரிம் அகலம், தனி டிஸ்க், தனி ஸ்ப்ராக்கெட், அவற்றில் எஸ்சி அல்லது ஸ்லிக், கூடவே வார்மர். காலையில் பிட்டில் சக்கரத்தை மாற்றி, மாலையில் ரோட்டுச் சக்கரத்தைத் திரும்பப் பூட்டிவிடலாம். மாற்றியதும் பிரேக் லீவரைப் பலமுறை அழுத்தி, பேட் டிஸ்க்கில் வந்து உட்கார்ந்ததை உறுதி செய்த பிறகே பைக்கை நகர்த்துங்கள். ஆக்ஸில் நட்டின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனரால்) பாருங்கள், கை அளவு போதாது.